12 மி.மீ. ஆக்ஸில் வண்டியில் 15 மி.மீ. ஆக்ஸில் பின்சக்கரம்: காலர், ஸ்ப்ராக்கெட், டார்க் ராடு

மூன்றாம்கியர்

வண்டி பழைய 100 சிசி டூ ஸ்ட்ரோக், 18 இன்ச் ஸ்போக் சக்கரம். அதில் வேறொரு 125 சிசி வண்டியின் 17 இன்ச் அலாய் பின்சக்கரத்தை மாட்ட வேண்டும். இரண்டும் டிரம் பிரேக், இரண்டும் 428 செயின். கையில் இருப்பவை: 4 இன்ச் வைஸ், ஹாக்ஸா, 10 இன்ச் தட்டை அரம், அரைவட்ட அரம், உருண்டை அரம், 10 மி.மீ. ஹேண்ட் டிரில், வெர்னியர், டேப் செட். லேத், வெல்டிங் இல்லை.

வெர்னியர் அளவுகள் (எல்லாம் மி.மீ.):

ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கவை) உள்முகத்திலிருந்து உள்முகம் 172. புதுச் சக்கரம் அதன் சொந்தக் காலர்களோடு 164. அதாவது இடது காலர் (ஆக்ஸிலில் கோக்கும் இடைவெளி வளையம்) 22, ஸ்ப்ராக்கெட் (செயின் பல்சக்கரம்) டிரம்மையும் சேர்த்து ஹப் 108, பிரேக் பேனல் (பிரேக் ஷூ நிற்கும் மூடித்தட்டு) 24, வலது காலர் 10. பழைய ஆக்ஸில் 12, ஸ்விங் ஆர்ம் ஸ்லாட் 12.3. புது ஆக்ஸில் 15, நட் பக்கம் எம்14×1.5.

8 மி.மீ. குறைகிறது. வலது பக்கம் வாஷர் அடுக்கி நிரப்பினால் போதுமா? ஸ்லாட்டை அகலப்படுத்துவதா, ஆக்ஸிலுக்கு புஷ் (விட்ட வித்தியாசத்தை நிரப்பும் உறைக்குழாய்) போடுவதா?

பெஞ்ச்வைஸ்

எட்டையும் ஒரே பக்கம் போடும் பேச்சே வேண்டாம். எந்தப் பக்கம் எவ்வளவு என்பதை செயின் லைன்தான் (முன், பின் ஸ்ப்ராக்கெட்டுகள் ஒரே தளத்தில் நிற்பது) சொல்ல வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட் எஞ்சின் ஷாஃப்டின் ஸ்ப்ளைனில் உட்கார்ந்து லாக் பிளேட்டோடு நிற்கிறது, அதை நகர்த்த வழியில்லை. அது நிற்கும் தளத்துக்குத்தான் பின் ஸ்ப்ராக்கெட் வர வேண்டும். சக்கரத்தின் நடு அப்புறம்.

பழைய சக்கரத்தை மாட்டி, நட்டை இறுக்கிவிட்டு, இடது ஸ்விங் ஆர்ம் உள்முகத்திலிருந்து ஸ்ப்ராக்கெட் பல்லின் நடு வரை அளந்து சொல்லுங்கள். நடுவை நேராக அளக்க வராது. பல்லின் வெளிமுகம் வரை அளந்து, பல் தடிமனில் பாதியைக் கூட்டுங்கள். புதுச் சக்கரத்தில் அதே அளவு இடது காலரின் வெளி விளிம்பிலிருந்து. கூடவே ரிம்மின் நடு எங்கே வருகிறது என்பதும் வேண்டும்.

மூன்றாம்கியர்

பழையது 35. புதியது 30. புது ரிம்மின் நடு, இடது காலர் விளிம்பிலிருந்து 82.

கணக்குப்புலி

அப்படியானால் இடது பக்கம் 5 கூட வேண்டும், வலது பக்கம் 3. இடது 27, ஹப் 108, பேனல் 24, வலது 13. கூட்டினால் 172. ரிம் நடு 82+5 = 87. ஸ்விங் ஆர்மின் நடு 86. ஒரு மில்லி வலப்புறம் தள்ளி நிற்கும். ஸ்போக் சக்கரமாக இருந்தால் ஒரு பக்க ஸ்போக்கைத் தளர்த்தி மறுபக்கம் இறுக்கி இழுத்துவிடலாம். அலாயில் அது நடக்காது. ஆனால் ஒரு மில்லி ஓட்டத்தில் தெரியாது.

நீங்கள் சொன்னபடி எட்டையும் வலப்பக்கம் போட்டிருந்தால் ஸ்ப்ராக்கெட் 5 மி.மீ. வெளியே நின்றிருக்கும். 428 செயினின் உள் அகலமே 7.94தான். பக்கத் தட்டு பல்லை அரைத்துக்கொண்டே ஓடியிருக்கும்.

அரத்தூள்

வாஷர் அடுக்கு வேண்டாம் தம்பி. கடை வாஷர் தகட்டில் குத்தி எடுத்தது. ஒரு ஓரம் மழுங்கி, மறு ஓரம் பிசிறோட இருக்கும், முகமும் தட்டையா இருக்காது. நாலு அடுக்கினா நாலும் கொஞ்சம் கொஞ்சமா நசுங்கி உட்காரும். இன்னைக்கு இறுக்கின நட் இருநூறு கிலோமீட்டர்ல தளரும்.

காலரா செய்யுங்க. ஹார்டுவேர் கடையில அரை இன்ச் ஜிஐ தண்ணி பைப், சி கிளாஸ் கேளுங்க. சிவப்புப் பட்டை போட்டது. மஞ்சள் ஏ, நீலம் பி, ரெண்டும் மெலிசு. சி கிளாஸ் வெளி விட்டம் 21.3, சுவர் 3.2, உள்ளே 15க்கு ஒரு முடி குறைச்சல். உருண்டை அரத்தால உள்ளே இருக்கிற வெல்டு வரப்பை எடுத்து 15.2க்குக் கொண்டுவந்தா ஆக்ஸில் அழகா நுழையும். உங்க அளவுக்கே வார்த்த மாதிரி பைப்.

ஒரு எச்சரிக்கை. இடது காலரை மாத்தாதீங்க. அது ஆயில் சீல் உதட்டுக்குள்ள சுத்துற காலர், மேல்பரப்பு பாலிஷா இருக்கணும். பைப்பை அங்க போட்டா ஒரு மழைக்கு சீல் போகும், அடுத்த மழைக்கு பேரிங். பழைய 22 காலரை அப்படியே வெச்சு, அதுக்கு வெளியே, ஸ்விங் ஆர்ம் பக்கமா, 5 மில்லி வளையம் ஒண்ணு. வலது பக்கம் சீல் இல்லை, பேனல்தான். அங்க 10ஐ எடுத்துட்டு ஒரே துண்டா 13 போடுங்க.

மூன்றாம்கியர்

ஹாக்ஸாவில் வெட்டினால் கோணலாகிறது. அரத்தில் தேய்த்தால் ஓரம் உருண்டுவிடுகிறது. இரு முகமும் இணையாக வர என்ன செய்வது?

அரத்தூள்

பைப்பைச் சுத்தி ஹோஸ் கிளிப் ஒண்ணை இறுக்குங்க. அதோட விளிம்பு நேர் வட்டமா நிக்கும். பிளேடை அதில் சாய்ச்சு வெட்டுங்க. ஒரே பக்கமா முழுசா அறுக்காம, சுவர் கடந்ததும் பைப்பைக் கொஞ்சம் திருப்பி, திருப்பி, சுத்தி வரணும். இன்ச்சுக்கு 24 பல் உள்ள பிளேடு. சுவர் 3.2, 24 பல்லில் ஒரு பல்லுக்கு ஒரு மில்லி, எப்பவும் மூணு பல் இரும்பில் இருக்கும். 18 பல் பிளேடுன்னா ரெண்டுதான் நிக்கும், மாட்டிக்கிட்டு உடையும். 13க்கு 14.5ஆ வெட்டுங்க, 5க்கு 6.5.

தேய்க்கிறது அரத்தில் ஆரம்பிச்சு கண்ணாடியில் முடியணும். ஒரு தடிக் கண்ணாடித் துண்டு, இல்லேன்னா தரைக்குப் போடுற வழவழ டைல். அதன் மேல 120 எமரி பேப்பரை ஒட்டுங்க. ரெண்டு சொட்டு எண்ணெய். காலரை நிறுத்தி, எட்டு போடுற மாதிரி தேய்க்கணும். இருபது தேய்ப்புக்கு ஒரு தடவை கால் சுத்து திருப்புங்க, ஏன்னா விரல் அழுத்தம் எப்பவும் ஒரு பக்கம் கூடத்தான் இருக்கும். வெர்னியர்ல நாலு இடம் பாருங்க. வித்தியாசம் 0.05க்குள்ள வந்ததும் 220க்குப் போங்க. மார்க்கர் பேனாவால முகத்தைக் கறுப்பாக்கிட்டு ரெண்டு தேய்ப்பு தேய்ச்சா மேடு எங்கேன்னு அதுவே காட்டும்.

5 மில்லி வளையத்தை விரலில் பிடிச்சா நகம்தான் தேயும். ஒரு மரத்துண்டில் 22 மில்லித் துளை ஒண்ணு போட்டு, வளையத்துக்குப் பேப்பர் சுத்தி உள்ளே இறுக்கி, ரெண்டு மில்லி வெளியே நீட்டி வெச்சுத் தேய்ங்க. ரெண்டு முகத்திலும் துத்தநாகப் பூச்சு முழுசா போயிருக்கணும். அது மெத்து, அழுத்தத்தில் பிதுங்கும்.

கணக்குப்புலி

0.05 என்பதை ‘ஏதோ சொல்கிறார்’ என்று விடாதீர்கள். எம்14 நட்டை 60 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் ஆக்ஸிலில் விழும் இழுவிசை 60 ÷ (0.2 × 0.014), அதாவது 21 ஆயிரம் நியூட்டனுக்கு மேல். இரண்டு டன். காலர் ஒரு பக்கம் உயரமாக இருந்தால் அந்த இரண்டு டன்னும் அந்த ஓரத்தில் விழுந்து ஆக்ஸிலை வில்லாக வளைக்கும், பேரிங் உள்வளையத்தைச் சாய்க்கும். சக்கரம் கையில் சுற்றும்போது நட் தளர்வாக இருந்தால் எளிதாகச் சுற்றி, இறுக்கியதும் கனமாகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பைப் அந்தச் சுமையைத் தாங்குமா என்றும் பார்த்துவிடலாம். 21.3 வெளி, 15.2 உள். குறுக்குப் பரப்பு 175 சதுர மி.மீ. ஒரு சதுர மி.மீ.க்கு சுமார் 120 நியூட்டன். மென் எஃகுக்குத் தாங்கும். அதே இடத்தில் ஏ கிளாஸ் பைப்போ அலுமினியக் குழாயோ வைத்தால் கணக்கு நெருக்கடியாகும்.

லேத்துச்சுருள்

ஒரு சின்னக் குறிப்பு. காலரை லேத்தில் கொடுத்துக் கடைவதாக இருந்தால் அளவை மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். ‘ஒரு நூல் கூட’ என்று வாயால் சொன்னால் அங்கே ஒரு நூல் என்பது எட்டில் ஒரு இன்ச், 3.175. மரவேலைக்குச் சரி, இதற்கு ஆகாது.

ஆக்ஸில் விஷயத்துக்கு வருவோம். ஸ்லாட்டைத் தொடாதீர்கள் என்பது என் கருத்து. பேரிங்குக்குள் 15 வெளி, 12 உள் புஷ் இரண்டு கடைந்து போட்டு பழைய 12 ஆக்ஸிலையே ஓட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிட்டுப் பழைய சக்கரத்துக்கே திரும்பலாம். அரம் போட்ட ஸ்விங் ஆர்ம் திரும்பாது.

பெஞ்ச்வைஸ்

திரும்பலாம் என்பது நல்ல வாதம். ஆனால் புஷ் பேரிங்கில் மட்டும் போட்டால் போதாது. இரண்டு பேரிங்குக்கு நடுவே உள்ள டிஸ்டன்ஸ் டியூப், இடது காலர், பேனல் துளை, வலது காலர் எல்லாமே 15க்குச் செய்தவை. 12 ஆக்ஸிலில் அவை ஒன்றரை மில்லி கீழே தொங்கும். இடது காலர் மையம் விலகி சீலை ஒரு பக்கமாக நெருக்கும். பேனல் மையம் விலகினால் பிரேக் ஷூ டிரம்மில் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். 12 ஆக்ஸில்தான் என்றால், 15 வெளி 12 உள் உள்ள ஒரே நீளக் குழாய், 172 மில்லிக்கு ஒரு முடி குறைவாக, எல்லாவற்றையும் ஊடுருவிப் போக வேண்டும். சுவர் ஒன்றரை மில்லி, நீளம் 172, லேத்திலும் அது சுகமான வேலை இல்லை.

ஆகவே ஸ்லாட்டை அரம் போடுவதுதான் வழி, ஒரு நிபந்தனையோடு: ஸ்லாட் தட்டின் மொத்த உயரம் எவ்வளவு, தடிமன் எவ்வளவு?

மூன்றாம்கியர்

உயரம் 34, தடிமன் 6. இரும்பு.

பெஞ்ச்வைஸ்

15.2க்குத் திறந்தால் மேலும் கீழும் 9.4 மிச்சம். 8க்குக் குறைந்தால் வேண்டாம் என்பேன், இது பரவாயில்லை. அலுமினிய ஸ்விங் ஆர்ம் என்றால் இந்த முடிவு பொருந்தாது.

எடுக்க வேண்டியது மொத்தம் 2.9. மேலே 1.45, கீழே 1.45. இதில் ஒரு பக்க ஸ்லாட் மட்டும் மேலே ஒரு மில்லி ஏறினால்? 172 மில்லிக்கு ஒரு மில்லி சாய்வு என்றால் 570 மில்லி விட்ட டயரில் உச்சிக்கும் அடிக்கும் 3 மில்லிக்கு மேல் சாயும். வண்டி கையை விட்டால் ஒரு பக்கம் இழுக்கும்.

தட்டில் மார்க்கர் பூசி, பழைய ஸ்லாட் விளிம்பிலிருந்து 1.45இல் வெர்னியர் தாடையால் கோடு கிழியுங்கள், நான்கு விளிம்பிலும், உள்முகம் வெளிமுகம் இரண்டிலும். கோட்டில் பாதியைத் தின்று, பாதியை விட்டு நிறுத்துங்கள். அரம் ஒரு பக்கம் வெறும் ஓரம் உள்ளதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேல் விளிம்பைத் தேய்க்கும்போது ஸ்லாட்டின் கடைசி வளைவும் தேயும். அரப் பல்லில் சாக்பீஸ் தடவிக்கொள்ளுங்கள், இரும்புத் தூள் அடைக்காது. தள்ளும்போது மட்டும் அழுத்தம், இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். கடைசிக் கால் மில்லிக்கு ஆக்ஸிலே அளவுகோல். கையால் தள்ளி நுழைய வேண்டும், கடகடக்கக் கூடாது.

செயின் அட்ஜஸ்டரில் உள்ள 12 மி.மீ. துளையை 15 மி.மீ. ஆக்காதீர்கள், ஓரத்தில் தகடு மிஞ்சாது. சக்கரம் கொடுத்த வண்டியின் அட்ஜஸ்டரையே வாங்குங்கள்.

புதுப்பேட்டை_சந்து

அட்ஜஸ்டர், ஆக்ஸில், அதன் நட், டார்க் ராடு (பிரேக் பேனலைச் சுத்த விடாம பிடிக்கிற பட்டை), பிரேக் ராடு எல்லாத்தையும் சக்கரத்தோட ஒரே கடையில, ஒரே வண்டியிலேர்ந்து எடுத்துக்கோங்க அண்ணே. சென்னைன்னா புதுப்பேட்டை, கோவைன்னா உக்கடம். தனித்தனியா தேடினா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வருஷத்து மாடலா வரும். ஆக்ஸிலைக் கண்ணாடி மேல உருட்டிப் பார்த்து வாங்குங்க. வளைஞ்சிருந்தா குதிக்கும்.

மூன்றாம்கியர்

நன்றி. ஒன்று சொல்ல விட்டுப்போனது. அலாயோடு வந்த டயர் 100/90-17. நன்றாகவே இருக்கிறது, அதையே ஓட்டலாம் என்று.

கணக்குப்புலி

நில்லுங்கள். அது செயினில் உரசும்.

ரிம் நடு 87இல். டயர் அகலம் 100, பாதி 50. டயரின் இடது ஓரம் 37இல் நிற்கும். செயின் நடு 35இல். 428 செயினின் மொத்த அகலம் ஏறத்தாழ 17, பாதி 8.5. ஆக செயினின் உள் ஓரம் 43.5. டயர் செயினுக்குள் 6 மில்லிக்கு மேல் புகுந்து நிற்கிறது.

2.75-17 போட்டால் டயர் ஓரம் 52, இடைவெளி 8.5. 3.00-17 என்றால் 49, இடைவெளி 5.5. 80/100-17 என்றால் 47, இடைவெளி 3.5. செயின் தளர்ந்து ஆடும், ஜாயிண்ட் லிங்கின் பின் இன்னும் நீளம். நான் 2.75 என்பேன். ரிம் அகலத்தைப் பொறுத்து டயர் ஓரிரு மில்லி விரியும், மாட்டிய பிறகும் அளந்து பாருங்கள்.

நாலாம்நம்பர்செயின்

கேள்வி ஒன்று. நம்மிடம் 420 செயின் கிடக்கிறது. 428க்கும் அதற்கும் பிட்ச் (பின்னுக்குப் பின் உள்ள தூரம்) ஒன்றுதானே, 12.70. ஸ்ப்ராக்கெட் தடிமனை இரண்டு பக்கமும் அரம் போட்டு 420க்கு ஏற்றபடி ஆக்கினால் ஒல்லியாகுமே, இடைவெளியும் கிடைக்குமே?

அரத்தூள்

பிட்ச் ஒண்ணுதான், ரோலர் ஒண்ணில்லை. 428இல் 8.51, 420இல் 7.77. பல்லுக்கு நடுவே உள்ள குழி பெரிய ரோலருக்கு வெட்டினது. சின்ன ரோலர் குழியில் அலையும், ஒரு பல் மேல சுமை முழுக்க ஏறும். பல்லில் ஹார்டனிங் பண்ணின தோலையும் அரத்தில் எடுத்துட்டா உள்ளே மெத்து இரும்பு. ஆறு மாசம் தாங்காது. எஞ்சின் பக்கமும் 428 ஸ்ப்ராக்கெட்தானே, அதை என்ன செய்வீங்க?

மூன்றாம்கியர்

டயர் 2.75-17 என்று முடிவு. அடுத்தது ஸ்ப்ராக்கெட். புது ஹப்பில் 42 பல் இருக்கிறது, முன்னால் 14. பழைய சக்கரத்தில் 36 பல். 42 போட்டால் எஞ்சின் கத்தும். பழைய 36ஐ புது ஹப்பில் மாட்ட முடியுமா? இரண்டிலும் 4 போல்ட், 10 மி.மீ. துளை. அடுத்தடுத்த துளைகளின் நடு தூரம் புதியதில் 63.6, பழையதில் 58. நடுத்துளை புதியதில் 58, பழையதில் 60.

கணக்குப்புலி

நாலு போல்ட்டுக்கு அடுத்தடுத்த தூரத்தை 1.414ஆல் பெருக்கினால் போல்ட் வட்டம். புதியது 90, பழையது 82. (ஐந்து போல்ட் என்றால் 1.701, ஆறு என்றால் 2, மூன்று என்றால் 1.155. யாருக்காவது உதவும்.)

துளை ஒவ்வொன்றும் 4 மில்லி வெளியே போக வேண்டும். அரம் போட்டு நீளத் துளை ஆக்கலாம் என்று யாரும் சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன்: கூடாது. போல்ட் நீளத் துளையில் நகரும், ஸ்ப்ராக்கெட் மையம் விலகும், செயின் ஒரு சுற்றில் ஒரு முறை இறுகி ஒரு முறை தளரும். பழைய துளைகளுக்கு 45 டிகிரி திருப்பி புதுசாக நாலு துளை. புதுத் துளை நடுவுக்கும் பக்கத்துப் பழைய துளை நடுவுக்கும் 33 மில்லி வரும், இரும்பு தாராளம். 36 பல்லின் பல்லடி ஆரம் 68.6, போல்ட்டின் வெளி ஓரம் 50. அந்தப் பக்கமும் இடம் இருக்கிறது.

கியர் கணக்கு: 42/14 = 3.0, 36/14 = 2.57. டயர் 18இலிருந்து 17க்கு வந்ததில் விட்டம் 597இலிருந்து 572 ஆகிறது. ஆகவே புதுச் சக்கரத்தில் 36 என்பது பழைய சக்கரத்தில் 37.6 பல் போட்டதற்குச் சமம். பழைய ஓட்டத்தைவிட நாலு சதவீதம் இழுவை கூடும், எஞ்சின் அவ்வளவு வேகமாகச் சுற்றும்.

பெஞ்ச்வைஸ்

முதலில் துளை போடும் இடத்தில் பழைய அரத்தின் மூலையால் கீறிப் பாருங்கள். கீறல் விழுந்தால் டிரில் ஏறும். வழுக்கினால் முழுத் தகடும் ஹார்டன் ஆனது, ஹேண்ட் டிரில்லில் முடியாது. பொதுவாகப் பல்லில் மட்டும்தான் ஹார்டனிங் இருக்கும்.

கோடு கிழித்து, பஞ்ச் அடித்து, கண்ணை நம்பிப் போட வேண்டாம். 42 பல் ஸ்ப்ராக்கெட்டே உங்கள் ஜிக் (துளைக்கு வழிகாட்டும் அச்சு). 36ஐக் கீழே, 42ஐ மேலே வைத்து, துளைகளை 45 டிகிரி மாற்றி, இரண்டு சி கிளாம்பால் பிடியுங்கள். நடுத்துளை ஒன்று 58, ஒன்று 60. திருப்பிப் பார்த்தால் சுற்றிலும் ஒரு மில்லி படி தெரியும். வெர்னியரின் ஆழக் கம்பி இல்லை, உள் தாடையால் அந்தப் படியை நாலு இடத்தில் அளந்து, நாலும் 1.0 ஆகும்வரை தட்டித் தட்டி நகர்த்துங்கள். இதற்கு அரை மணி ஆனாலும் ஆகட்டும். மொத்த வேலையில் மையம் தீர்மானமாவது இங்கேதான்.

10 மி.மீ. டிரில் பிட்டை மேல் துளை வழியே இறக்கி, கீழ்த் தகட்டில் கூம்புக் குழி மட்டும் எடுங்கள். பிறகு பிரித்து, அந்தக் குழியின் நடுவில் 4, 7, 9.8 என்று ஏற்றுங்கள். 10 மில்லி பிட்டுக்கு நிமிஷத்துக்கு 300, 400 சுற்று போதும், வேகமாக விட்டால் நுனி நீலமாகி மழுங்கும். எண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள். கடைசி 0.2ஐ உருண்டை அரத்தால், போல்ட் விரலழுத்தத்தில் நுழையும்வரை.

நடுத்துளையில் ஒரு மில்லி சுற்று இடைவெளி நிற்கிறதே, அதில் ஒரு மில்லி தடிமன் இரும்புத் தகட்டுப் பட்டையை வட்டமாக வளைத்துச் செருகுங்கள். போல்ட் மேல் மட்டும் மையம் நிற்காது. லாக் பிளேட்டை மடிக்க மறக்க வேண்டாம்.

சோதனை: ஸ்விங் ஆர்மில் ஒரு கம்பியைக் கட்டி அதன் நுனி பல் உச்சியைத் தொடும்படி வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். விலகல் அரை மில்லிக்குள் இருக்க வேண்டும். செயின் தொய்வு ஒரு சுற்றில் 5 மில்லிக்கு மேல் மாறினால் அந்த ஸ்ப்ராக்கெட்டை ஒதுக்கிவிட்டு, அந்த ஹப்புக்கே செய்த 38 பல், 36 பல் கிடைக்கிறதா என்று கடையில் கேளுங்கள். உண்மையைச் சொன்னால் இதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

இரண்டாம்நட்

இத்தனை பக்கத்தில் யாரும் டார்க் ராடைப் பற்றி விளக்கமாகப் பேசவில்லை. உயிர் போகும் இடம் அதுதான்.

பிரேக் பிடித்ததும் பேனல் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும். அதைத் தடுப்பது டார்க் ராடு ஒன்றே. அது கழன்றால் பேனல் சுற்றி, பிரேக் ராடை இழுத்து, பிரேக்கைத் தானே இன்னும் இறுக்கி, சக்கரத்தைப் பூட்டும். நட்டை இறுக்கிய உராய்வே பிடித்துக்கொள்ளும் என்று நினைத்து ராடு இல்லாமல் ‘சும்மா ஒரு ரவுண்டு’ கூடப் போகாதீர்கள்.

கணக்கு: பின்சக்கரத்தில் 150 கிலோ, உராய்வு 0.7 என்றால் தரையில் சுமார் ஆயிரம் நியூட்டன். டயர் ஆரம் 0.29 மீட்டர். ராடு பேனலில் மாட்டும் இடம் ஆக்ஸிலிலிருந்து 100 மில்லி என்றால் ராடில் மூவாயிரம் நியூட்டன், அதாவது முன்னூறு கிலோ. எம்8 போல்ட், 8.8 முத்திரை (வலிமைத் தரம்) உள்ளது, இதைப் பல மடங்கு தாங்கும். ஆனால் துளை தளர்வாக இருந்து ஒவ்வொரு பிரேக்குக்கும் டக் டக் என்று அடித்தால் எந்த போல்ட்டும் களைத்து முறியும்.

உங்கள் ஸ்விங் ஆர்ம் காதுக்கும் புதுப் பேனல் காதுக்கும் நடு தூரம், ஆக்ஸிலை ஸ்லாட்டின் நடுவில் வைத்து அளந்து, புது ராடு செய்யுங்கள். 25×6 எம்எஸ் (மென் எஃகு) பட்டை, துளை 8.2. துளை நடுவிலிருந்து விளிம்புக்கு 12.5க்குக் குறையக் கூடாது. பழைய ராடை வெட்டி ஒட்டுவது வேண்டாம். பேனல் காது ஆக்ஸிலுக்குக் கீழே இருந்தால் ராடு இழுபடும், பட்டை போதும். மேலே இருந்தால் நெருக்கப்படும், அப்போது மெல்லிய பட்டை வளையும்.

இரண்டு காதும் ஒரே தளத்தில் இல்லை என்றால் பட்டையை இசட் போல மடிக்காதீர்கள், இழுபடும்போது அது நிமிரப் பார்க்கும். காதுக்கும் பட்டைக்கும் நடுவே காலர் வைத்துத் தளத்தைச் சரிசெய்யுங்கள். போல்ட்டில் துளை போட்டு ஸ்பிளிட் பின். நைலாக் நட் மட்டும் போதும் என்று வாதாட வருகிறவர்களுக்கு: டிரம் சூட்டில் நைலான் இளகும்.

ஏழாம்பேரிங்

என் நிலைமை கொஞ்சம் வேறு. ஹப்பில் 6302 பேரிங், ஆக்ஸில் 17. வெளி விட்டம் அதே 42 உள்ள 6004 போட்டு, 20க்கும் 17க்கும் புஷ் போடலாமா?

லேத்துச்சுருள்

6302 என்பது 15×42×13. 6004 என்பது 20×42×12. ஹப்பில் உட்காரும். ஒரு மில்லி அகலம் குறைகிறதே என்று டிஸ்டன்ஸ் டியூபைத் தொடாதீர்கள். பேரிங் உள்படியில் முட்டித்தான் உட்காருகிறது, ஆகவே இரண்டு பேரிங்கின் உள்முக தூரம் மாறாது. குறைவது வெளிப்பக்கம். அதை வெளிக் காலர்களில் ஒவ்வொரு மில்லி கூட்டிச் சரிசெய்ய வேண்டும்.

ஆனால் 15 ஆக்ஸிலுக்குச் செய்த டிஸ்டன்ஸ் டியூபில் 17 நுழையாது. அதே நீளத்துக்குப் புது டியூப் வேண்டும், 0.1க்குள். நீளம் குறைந்தால் நட் இறுகும்போது உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி இழுபட்டு, குண்டுகள் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு, பேரிங் சூடேறிப் போகும். நீண்டால் ஒரு பேரிங் படியில் உட்காராது. இது எமரி பேப்பர் வேலை இல்லை, லேத்துக்கு வாருங்கள். சுமைத் திறனும் 6302க்கு சுமார் 12 கிலோநியூட்டன், 6004க்கு 10. பின்சக்கரத்தில் இருவர் உட்காரும் வண்டிக்கு நான் தயங்குவேன்.

ஆர்சிபுக்

வேலை நுணுக்கத்தில் குறுக்கிடவில்லை. சட்டம் மட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182அ(4)இன்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உதிரிபாகத்தை மாற்றிப் பொருத்துவதும் அதில் அடங்கும். ரோட்டில் ஓட்டுவதற்கு முன் ஆர்டிஓவில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

மூன்றாம்கியர்

காலர் 13.02, வளையம் 5.00. ஸ்லாட் 15.2. எல்லாம் மாட்டி நூல் கட்டிப் பார்த்தேன். பின் டயரில் இரு பக்கமும் நூல் ஒட்டி முன்னால் இழுத்தால், முன் டயருக்கும் நூலுக்கும் இடைவெளி வலது பக்கம் இடதைவிட 2 மில்லி அதிகம். அட்ஜஸ்டர் கோடு இரு பக்கமும் ஒன்றாகத்தான் இருக்கிறது. எங்கே தப்பு?

கணக்குப்புலி

முன் டயரின் முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் அதே 2 மில்லியா?

மூன்றாம்கியர்

ஆம், இரண்டு இடத்திலும்.

கணக்குப்புலி

அப்படியானால் கோணல் இல்லை. ரிம் ஒரு மில்லி வலது தள்ளியிருக்கிறதே, அதுதான். வலது நூல் ஒரு மில்லி விலகி, இடது நூல் ஒரு மில்லி நெருங்கி, வித்தியாசம் இரண்டு. முன் ஓரத்தில் ஒன்றும் பின் ஓரத்தில் வேறொன்றும் வந்தால்தான் ஆக்ஸில் கோணல்.

பெஞ்ச்வைஸ்

அட்ஜஸ்டர் கோட்டை நம்பாதீர்கள், அது வேறு வண்டியின் அட்ஜஸ்டர். ஸ்விங் ஆர்ம் பிவட் போல்ட்டின் நடுவிலிருந்து ஆக்ஸில் நடு வரை இரு பக்கமும் அளந்து ஒன்றாக்குங்கள். பிறகு ஆக்ஸில் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, யாரையாவது பிரேக் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, அந்த அழுத்தத்திலேயே நட்டை இறுக்குங்கள். ஷூ டிரம்மின் நடுவுக்கு வந்து உட்காரும். டார்க் ராடு நட்டுகளை இறுக்கி ஸ்பிளிட் பின் மடிப்பது அதற்கு அப்புறம். பிரேக் அழுத்தியிருக்கும்போது பேனல் லீவரும் பிரேக் ராடும் 90 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள், தாண்டிப் போயிருந்தால் லீவரை ஸ்ப்ளைனில் ஒரு பல் பின்னால் மாற்றுங்கள்.

அரத்தூள்

முதல் அம்பது கிலோமீட்டர் ஓடினதும் நட்டை ஒரு தடவை டார்க் ரெஞ்சுல பாருங்க தம்பி. புதுக் காலர் முகம் கொஞ்சம் நசுங்கி உட்கார்ந்திருக்கும். அப்பவே செயின் உள் ஓரத்துக்கும் டயருக்கும் நடுவுல விரலை விட்டுப் பாருங்க, வண்டியை ஆஃப் பண்ணிட்டு.